நீல ரிப்பன் வாட்டர்லூவுக்கு உரியதல்ல

சிவப்புக் கோட்டு அணிந்த பிரிட்டிஷ் ராணுவ வீரர் ஒருவரின் ஓவியத்தை, நெப்போலியன் தோற்ற 1815 வாட்டர்லூ போர்க்காலத்தது என்று சொல்லி விற்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாட்டர்லூ ஓவியத்துக்கான விலை கொடுத்து வாங்காதீர்கள். அது 1815-இல் வரைந்த படமாக இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் சொல்வதுபோல் மார்பில் மஞ்சள் ஓரமிட்ட வெளிர்நீல ரிப்பன் இருந்தால், அது கிரிமியப் போர்ப் (1853–56) பதக்கம். வாட்டர்லூ பதக்கத்தின் ரிப்பன் கருஞ்சிவப்பு, ஓரங்களில் கருநீலம். தோளில் குஞ்சம் தொங்கும் எப்பொலெட் இல்லை என்கிறீர்கள். பிரிட்டிஷ் தரைப்படை அதை 1855-இல் கைவிட்டது. கணக்கு ஒத்துப்போகிறது.

விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். சிவப்புக் கோட்டு அணிந்த முன்னோரையெல்லாம் வாட்டர்லூவுக்கு அனுப்பிவைப்பது குடும்பங்களின் பழைய வழக்கம். இரண்டு போரையும் கண்டவர்கள் உண்டுதான். ராக்லன் பிரபு வாட்டர்லூவில் வலக்கையை இழந்து, கிரிமியாவில் தலைமைத் தளபதியாக நின்றார். ஆனால் அப்போது அவருக்கு 65 வயதுக்கு மேல். உங்கள் படத்தில் இருப்பவருக்கோ மீசையே இப்போதுதான் அரும்பியிருக்கிறது!

பணம் கொடுக்கும் முன் இரண்டு புகைப்படங்கள் கேளுங்கள்:

1. கான்வாஸின் பின்பக்கம். வின்சர் அண்ட் நியூட்டன் என்ற ஓவியப் பொருள் கடையின் முத்திரை இருந்தால் துணி 1832-க்கு முந்தையது அல்ல. அந்தக் கடை தொடங்கியதே அந்த ஆண்டில்தான். பின்னால் புதுத்துணி ஒட்டியிருந்தால் முத்திரை மறைந்திருக்கும்.

2. பித்தான்கள், மிக நெருக்கத்தில். காலாட்படை என்றால் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) எண் தெரியலாம்.

ஒரு எச்சரிக்கை: பதக்கத்தை மட்டும் பிற்பாடு தீட்டியிருக்கவும் கூடும். புற ஊதா விளக்கில் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும். அதன்மேல் பிறகு இட்ட வண்ணம் கருந்திட்டாகத் தெரியும். படம் முழுவதற்கும் அண்மையில் வார்னிஷ் பூசியிருந்தால் இந்தச் சோதனையை நம்ப முடியாது.