மறதி நோய் முற்றிக்கொண்டே போகும் அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா?

அம்மாவுக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லிவிட்டார், போகப் போக என்ன ஆகும், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஒரே ஆள் மட்டும் பார்த்துக்கொள்வதுதான் முடியாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு என்னென்ன மறந்துபோகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

நாங்கள் கோத்தகிரிப் பக்கம். அம்மா பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக 1964இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி நீலகிரிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இங்கே வந்தும் கொழுந்துதான் பறித்தார். இந்தக் கதை எதற்கு என்றால், டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் பெரும்பாலும் முதலில் தாக்குவது புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை. பழைய நினைவுகள் நெடுநாள் தங்கும். காலையில் சாப்பிட்டது அம்மாவுக்கு நினைவிருக்காது. பதுளைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை எதற்குத் திட்டினார் என்பது அப்படியே நினைவிருக்கும். அதனால் உங்கள் அம்மாவின் சின்ன வயசுக் கதைகளை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கூடப் பிறந்தவர்களின் செல்லப்பெயர், பிடித்த சாப்பாடு, பயந்த ஆள், பாடிய தாலாட்டு எல்லாம். எனக்கு மாத்திரையைவிட அதிகம் கைகொடுத்தது அதுதான்.

பரிசோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உள்ளே தேங்கிய ரத்தம், இவையெல்லாம் மறதி நோய் மாதிரியே தெரியும், இவற்றுக்கு சிகிச்சையும் உண்டு. ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் எடுத்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள். டோனபெசில், மெமன்டின் மாதிரி மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவு தரும், நோயை நிறுத்தாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. இன்னொன்று, பேங்க் கணக்கில் நாமினி, ஜாயின்ட் கணக்கு, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் அம்மா புரிந்துகொண்டு கையெழுத்துப் போடும் காலத்திலேயே, அவருடைய விருப்பத்தைக் கேட்டு முடித்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

தொடக்கத்தில் மனசுக்கு வலிப்பது திருட்டுப் பழி. அம்மா சுருக்குப் பையை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்துவிட்டு, “நீதாண்டி எடுத்த” என்று என்னைப் பார்த்துச் சொல்வார். நோய்தான் அப்படிப் பேசவைக்கிறது. வைத்த இடம் மறந்துபோகிறது, காணோம் என்பது மட்டும் தெரிகிறது, அந்த இடைவெளியை மூளை ஏதாவது ஒரு காரணத்தால் நிரப்பிக்கொள்கிறது. “நான் எடுக்கல” என்று சத்தியம் செய்து பயனில்லை. “வாங்கம்மா, சேர்ந்து தேடலாம்” என்று கூட நடங்கள். அதே மாதிரி இன்னொரு பையில் கொஞ்சம் சில்லறை போட்டு வைத்திருங்கள்.

நடுக்கட்டம்தான் நீளமானது, ஆளை உருக்குவதும் அதுதான். எங்கள் ஊரில் நாலு மணிக்கே மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிடும். வெளிச்சம் குறையக் குறைய அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வருவார். “வீட்டுக்குப் போகணும், அம்மா தேடும்” என்பார். டிமென்ஷியா உள்ள பலருக்கு சாயங்காலமானால் தவிப்பு கூடும் என்று டாக்டர் சொன்னார். மலையில் சாயங்காலம் இன்னும் சீக்கிரம் வருகிறது, அவ்வளவுதான். “இதுதாம்மா உங்க வீடு, பாட்டி செத்து எத்தனை வருஷமாச்சு” என்று சொன்னால், அவருக்கு அது அன்றைக்கு வந்த சாவுச் செய்தி. அழுவார். மறுநாள் அதையும் மறந்து மறுபடி கேட்பார். இப்படி ஒருவரைத் தினமும் அழவைக்கக் கூடாது. நான் “போலாம்மா, சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம். அங்க லயத்துல யாரெல்லாம் இருக்காங்க?” என்பேன். சாயத்தண்ணி என்றால் பால் இல்லாத டீ, லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். என்னை அக்கா என்று கூப்பிட்டாலும் “சொல்லு” என்பேன். பேச்சு தோட்டத்துக்குப் போய்விடும், கால் உட்கார்ந்துவிடும்.

மஞ்சு இறங்கும் முன்பே எல்லா லைட்டையும் போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிடுவோம். இருட்டின கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து “யாரோ நிக்கிறாங்க” என்று பயப்படுவார்.

விடியற்காலையில் வேறு பிரச்சினை. நாலு மணிக்கு எழுந்து, “பெரட்டுக்கு நேரமாச்சு” என்று கூடையைத் தேடுவார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கும் இடம். இந்த ஊரில் அந்த நேரத்தில் வெளியே போவது விளையாட்டில்லை. தேயிலைச் செடிக்கு நடுவே கரடியும் காட்டெருமையும் நிற்கும் நேரம் அது. போதாததற்குப் படிக்கட்டும் பள்ளமும். கதவின் மேல் ஓரத்தில், கண் போகாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டோம். கதவில் மாட்டு மணி ஒன்று கட்டினோம். உள்ளிருந்து பூட்டினாலும் நீங்கள் வீட்டில் இல்லாதபோது வெளியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது. ஸ்வெட்டரின் உள்பக்கம் போன் நம்பர் எழுதிய துணியைத் தைத்துவையுங்கள். அக்கம்பக்கத்தில் சொல்லியும் வையுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்காதான் ஒருமுறை அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவந்தார்.

அப்புறம் அந்தக் கைகள். பேச்சு குறைந்த பிறகும் அம்மாவின் விரல்கள் சும்மா இருக்காது. போர்வையின் நூலைக் கிள்ளிக் கிள்ளி மடியில் போடுவார். ஒரு நாள் முருங்கைக்கீரையைக் கொத்தாக மடியில் வைத்தேன். இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கின. கட்டை விரலும் சுட்டு விரலும் கொழுந்தை ஒடிக்கிற அதே சொடுக்கு, கை நிறைந்ததும் அதைத் தோளுக்குப் பின்னால் வீசுகிற அதே அசைவு. கீரை பாதி தரையில்தான் விழுந்தது. ஆனால் அன்று சாயங்காலம் “வீட்டுக்குப் போகணும்” என்ற பேச்சே வரவில்லை. பழகிய வேலையைச் செய்யும் நினைவை மூளை வேறு பகுதிகளில் வைத்திருக்கிறது, அது தாமதமாகத்தான் பாதிக்கப்படும். உங்கள் அம்மா பூக்கட்டியவரா, தையல் போட்டவரா, மாவு பிசைந்தவரா என்று பாருங்கள். அதைக் கையில் கொடுங்கள். சரியாகச் செய்கிறாரா என்று பார்க்காதீர்கள்.

குளிப்பாட்டுவதற்குக் காலை வேண்டாம். மலைக்குளிரில் நமக்கே மனம் வராது. வெயில் ஏறிய பிறகு, தண்ணீரைக் காலில் தொடங்கி மெதுவாக மேலே ஊற்றுங்கள், தோளில் ஒரு துண்டு இருக்கட்டும். தினமும் முடியாவிட்டால் வெந்நீரில் துடைத்துவிடுங்கள், போதும். ஒரு எச்சரிக்கை: குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மறதி உள்ளவர் மூச்சு முட்டுகிறது என்று சொல்லவும் மாட்டார்.

நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: இந்த நோய் பொதுவாக மெதுவாகத்தான் இறங்கும். ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது. போன குளிர்காலத்தில் அம்மா ஒரே ராத்திரியில் மாறிப்போனார். கண் திறக்கவில்லை, திறந்தால் சுவரில் எதையோ பிடிக்கிறார். திருப்பூரிலிருந்து வந்த தம்பி, “முத்திடுச்சுக்கா, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்த நர்ஸ் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். தொற்று. குளிரில் தாகம் தெரியாது, அம்மா தண்ணீரே குடித்திருக்கவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்து ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்து சாயத்தண்ணி கேட்டார். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், விழுந்த அடி, புது மாத்திரை, இந்த ஐந்தையும் முதலில் பாருங்கள். ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கும் தூக்கம் வரும் மாத்திரைகளும் குழப்பத்தைக் கூட்டும். அமைதிப்படுத்த மனநோய் மாத்திரை எழுதினால், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டே வாங்குங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அவை பக்கவாத ஆபத்தையும் இறப்பு ஆபத்தையும் கூட்டுகின்றன.

கூடப்பிறந்தவர்கள் ஒரு நாள் வந்தால், “அம்மா நல்லாத்தானே பேசுறாங்க” என்பார்கள். விருந்தாளி முன் அம்மா முழு பலத்தையும் சேர்த்துக்கொண்டு பேசுவார், அவர்கள் போன பிறகு துவண்டுவிடுவார். அவர்களோடு வாதாடாதீர்கள். நான்கு நாள் அவர்களிடம் விட்டுவிட்டு வெளியே போங்கள். என் தம்பி இப்போது மாதத்துக்கு ஒருமுறை லீவு போட்டு வந்து இருக்கிறான், நான் அந்த நாட்களில் தூங்குகிறேன். யாரும் இல்லாதவர்கள் மூத்தோர் உதவி எண் 14567க்குப் பேசலாம். உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் 14416. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரண கவனிப்பும் பிசியோதெரபியும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

கடைசிக் கட்டத்தில் அம்மா இப்போது இருக்கிறார். நடை இல்லை, என் பெயரும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறோம், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். விழுங்குவதுதான் பெரிய கவலை. குடிக்கும்போது இருமல் வந்தாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உணவு மூச்சுக்குழாயில் இறங்குகிறது என்று அர்த்தம். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். தண்ணீர் மாதிரி ஓடுவதைவிடக் கஞ்சிப் பதம் எளிதாக இறங்குகிறது. தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் இனி முடியாது. சம்பலின் சாற்றை ஒரு துளி நாக்கில் வைத்தால் உதட்டைச் சப்புகிறார்.

மூக்குவழிக் குழாய் போடலாமா என்ற கேள்வி ஒரு நாள் வரும். நோய் முற்றிய கட்டத்தில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை. கையால் பொறுமையாக ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். நாங்கள் குழாய் வேண்டாம் என்று தம்பி, நான், என் கணவர் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம், டாக்டரிடமும் சொல்லி எழுதிவைத்துவிட்டோம். அந்தப் பேச்சை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடுராத்திரியில் பேசும்படி விடாதீர்கள். உங்கள் அம்மா இப்போது பேசுகிறார் என்றால், அவருக்கு எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.