காதுக்கு முன்னால் வலி, வாயைத் திறந்தால் ‘டக்’ சத்தம்: பல்லை ராவ வேண்டுமா?

கேள்வி: வயது 38. சில மாதங்களாக இடது காதுக்கு முன்னால் வலி, காலையில் எழும்போது அதிகம். வாயை அகலத் திறந்தால் ‘டக்’ என்கிறது. காதில் கோளாறு இல்லையாம். பல்லை ராவிக் கடியை (மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தை) சரிசெய்தால் போகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ராவிய எனாமல் திரும்ப வளராது. காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டின் வலி அதனால் தீரும் என்பதற்கு வலுவான ஆதாரமும் இல்லை.

கீழ்த்தாடைக் குமிழுக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே ஒரு மெல்லிய தட்டு உண்டு. அது முன்னால் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது குமிழ் அதன்மேல் ஏறும். ‘டக்’ என்பது அந்தச் சத்தம்தான். வலியில்லாமல் சத்தம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். உங்களுக்குக் காலையில் வலி கூடுவதால், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் தசையைக் கண்டுபிடியுங்கள். தாடையைத் தளர்த்தி அங்கே அழுத்தும்போது அதே வலி எழுந்தால், தசைக்குத்தான் பங்கு அதிகம்.

பகலிலும் பலர் தெரியாமல் கடிக்கிறார்கள், குறிப்பாகத் திரையைப் பார்க்கும்போது. உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் ஒட்டக் கூடாது. மெல்லும்போது தவிர மற்ற நேரமெல்லாம் இடைவெளி வேண்டும். இரண்டு வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம். முறுக்கு, கரும்பு, சூயிங்கம் கூடாது. கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே கையை முட்டுக்கொடுங்கள். வெந்நீரில் பிழிந்த துணியால் 15 நிமிடம், தினம் 2, 3 முறை ஒத்தடம். வலி மிகுந்தால் ஐபுப்ரோஃபென் 400 மி.கி., சாப்பிட்டபின், நாளுக்கு 3 வேளைக்கு மிகாமல் சில நாட்கள். வயிற்றுப்புண், சிறுநீரகம் அல்லது இதயக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தாலோ ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுத்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பெரும்பாலோருக்கு இதுவே போதும். குறையாவிட்டால் இரவில் மட்டும் போட, பல் வரிசை முழுவதையும் மூடும் கெட்டி அக்ரிலிக் தகடு செய்துகொள்ளலாம். முன்பல்லை மட்டும் மூடும் தகட்டைத் தொடர்ந்து போட்டால் கடியே மாறிவிடக்கூடும். கடையில் கிடைக்கும் மெத்தென்ற உறையைச் சிலர் இன்னும் பலமாகக் கடிப்பார்கள்.

உங்கள் மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழைவதே இயல்பு, ஏறக்குறைய 40 மி.மீ. சத்தம் திடீரென நின்று, வாயும் திறக்கவில்லையென்றால் தட்டு வழிமறித்துக்கொண்டது; சில நாட்களுக்குள் வாய்-முக அறுவை மருத்துவரைப் பாருங்கள். பாக்கு, குட்கா போடுகிறவருக்கு வாய் சிறுகச் சிறுகச் சுருங்கினால் அது வேறு நோய், புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடியது. நடக்கும்போது வந்து நின்றால் போகும் தாடை வலிக்கு இதயத்தைச் சோதிக்க வேண்டும். 50 வயதுக்கு மேல் மெல்லும்போது தாடை சோர்ந்து, நெற்றிப்பொட்டும் வலித்து, பார்வையும் மங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.