யார் மியூசிக் இது? – கடிதம்

அன்புள்ள அக்கா,

சினிமாப் பாட்டுகளுக்குப் பின்னால் வாசித்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். என் கேள்வி கொஞ்சம் வேறு. தொண்ணூறுகளில் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் ஒரு கோல்டன் சைனா டீவி கேம் இருந்தது. காசில்வேனியா, கான்ட்ரா, மெகாமேன் எல்லாம் அதில் ஆடியதுதான். இப்போது என் மகள் காசில்வேனியாவின் முதல் கட்ட மெட்டைக் கீபோர்டில் வாசிக்கிறாள். மாமா கேட்டுவிட்டு, "யார் மியூசிக்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "பொம்மைக்கு எதுக்குடா மியூசிக் டைரக்டர்?" என்று சிரித்துவிட்டார். இன்னொன்று, இணையத்தில் அதே மெட்டு வேகமாக ஓடுகிறது, குரலும் வேறாக இருக்கிறது. என் நினைவுதான் பிசகா?

ஒரு வாசகர், டர்பன்

அன்புள்ள தம்பி,

உங்கள் நினைவில் பிசகு இல்லை. உங்கள் கோல்டன் சைனா, ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி செய்த டீவி கேமின் நகல். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்த அசல் கருவிகள் நொடிக்கு 60 முறை திரையை மாற்றும். நம் தென்னாப்பிரிக்க டீவிக்கு அது 50 முறைதான். அந்த ஆட்டங்களில் பெரும்பாலும் திரை ஒருமுறை மாறினால்தான் இசையும் ஒரு படி நகரும். அதனால் இங்கே தாளம் ஆறில் ஒரு பங்கு தளர்ந்து ஓடியது, சுருதி ஏறக்குறைய அப்படியே நின்றது. குரல் மாறியதற்குக் காரணம் வேறு. அந்த வகை நகல் கருவிகள் பலவற்றின் ஒலிச் சிப்பில், மெட்டு வாசிக்கும் 'சதுர அலை' என்ற ஒலியின் இரண்டு அகல அளவுகள் இடம் மாறியிருந்தன. மெலிந்த ஒலி வர வேண்டிய இடத்தில் உருண்டையான ஒலி வரும், உருண்டை வர வேண்டிய இடத்தில் மெலிந்தது வரும். இசையமைத்தவர் காதில் கேட்டது ஒன்று, நம் வீட்டு ஹாலில் ஒலித்தது இன்னொன்று.

சரி, யார் மியூசிக்? கினுயோ யமாஷிதா. ஒசாகாவில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்த கையோடு கோனாமி என்ற ஆட்டக் கம்பெனியில் சேர்ந்த இளம்பெண். 1986இல் வந்த காசில்வேனியாதான் அவருடைய முதல் வேலை. சதோயே தெராஷிமா என்ற இன்னொரு பெண்ணும் அதில் பங்கெடுத்தார். ஆனால் ஆட்டத்தை முழுக்க ஜெயித்துக் கடைசித் திரைவரை போனவர்களுக்கும் கிடைத்த பெயர் 'ஜேம்ஸ் பனானா'. டிராகுலா படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரைத் திரித்து வைத்த விளையாட்டுப் பெயர் அது. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. மெகாமேனுக்கு (1987) மனாமி மட்சுமாயே, அதன் இரண்டாம் பாகத்துக்கு (1988) தகாஷி தடெய்ஷி. இவர்களும் புனைபெயருக்குள்தான் இருந்தார்கள். சொந்தப் பெயரைப் போட்டால் போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று முதலாளிகளுக்குப் பயம். நம் பக்கம் நிலைமை இன்னும் மோசம். பல நகல் கேட்ரிட்ஜ்களில் கம்பெனி பெயரையே அழித்துவிட்டிருப்பார்கள்.

மாமாவுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அந்தச் சிப்பில் மொத்தம் ஐந்தே தடங்கள். சதுர அலை இரண்டு, பேஸுக்கு முக்கோண அலை ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. முக்கோண அலைக்குச் சத்தம் கூட்டவோ குறைக்கவோ வழியே இல்லை, ஒலிக்கும் அல்லது நிற்கும், அவ்வளவுதான். ஒரு சதுர அலை மெட்டை வாசிக்க, இன்னொன்று அதையே ஒரு கணம் தள்ளி, சன்னமாகத் திருப்பிச் சொன்னால் பெரிய மண்டபத்தில் கேட்பது போல இருக்கும். இத்தனையும் செய்து முடித்த பிறகு, சுடுகிற சத்தமும் குதிக்கிற சத்தமும் இதே ஐந்து தடங்களிலிருந்துதான் பிடுங்கிக்கொள்ளும். கச்சேரி நடுவே வயலின்காரரை எழுப்பி, வாசலில் யார் என்று பார்த்துவிட்டு வரச் சொல்வது போல. எந்தக் குரல் எப்போது காணாமல் போனாலும் பாட்டு உடையாமல் ஓட வேண்டும். அதுவும் காசில்வேனியா கேட்ரிட்ஜில் படம், நிரல், இசை எல்லாம் சேர்த்து 128 கிலோபைட்டுக்குள். மாமா எந்த இசையமைப்பாளரிடம் வேண்டுமானாலும் இந்தக் கணக்கைக் காட்டிக் கேட்கட்டும்.

கான்ட்ராவின் வீட்டுப் பதிப்புக்கு (1988) ஹிதேநோரி மயேசாவாவும் கியோஹிரோ சதாவும். டீரூம் மூலையில் மெஷினைச் சுற்றி நின்று ஆடிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்குப் (1991) பெரும்பகுதி யோகோ ஷிமோமுரா. அவரை இன்று உலகமே கொண்டாடுகிறது, சந்தோஷம். ஜுன்கோ தமியாவை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. 'ஸ்வீட் ஹோம்' (1989) என்ற பேய் வீட்டு ஆட்டத்துக்கு அவர் போட்ட இசையை ராத்திரியில் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பிறகு ஹிரோகாசு தனாகா. இவர் எலக்ட்ரானிக்ஸ்காரர். மெட்ராய்ட் என்ற ஆட்டத்தில் (1986) இசை எது, அந்தப் பாழுலகத்தின் சத்தம் எது என்று பிரிக்க முடியாதபடி செய்தார். மனசு குளிரும் மெட்டைக் கடைசி எதிரியை வீழ்த்தியவனுக்குத்தான் கொடுப்பது என்றும் வைத்திருந்தார். அத்தனை நேரம் ஒரு இசையமைப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது லேசில்லை.

மகளிடம் கினுயோ யமாஷிதா என்ற பெயரைச் சொல்லிக் கொடுங்கள். வாசிக்கும் முன் அவளே அதை அறிவிக்கட்டும். உங்களுக்கு மட்டும் ஒன்று: யூட்யூபில் வேகத்தை 0.85 என்று வைத்துக் கேளுங்கள். சுருதி மாறாமல், ஏறத்தாழ உங்கள் வீட்டு வேகத்திலேயே ஓடும்.

அன்புடன்,
அக்கா