வாசகர் கேள்வி பதில்: ‘காய்தே மிரு’, எழுதிப் பார்

கேள்வி: ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போவதற்காக அட்டனில் ஜப்பான் மொழி படிக்கிறேன். வகுப்பு சிங்களத்தில் நடக்கிறது. “தமிழில் யோசித்தால் குழம்பிப்போவாய்” என்கிறார்கள். நான் பேசுவது தோட்டத்துத் தமிழ். அதை ஒதுக்கிவைக்கத்தான் வேண்டுமா?
வாசகி, பொகவந்தலாவை

பதில்: ஒதுக்கவே வேண்டாம். ஜப்பான் மொழியில் ‘காய்தே’ என்றால் ‘எழுதி’. ‘மிரு’ என்பது பார், ‘ஒகு’ என்பது வை, ‘இரு’ என்பது நம் இரு. இனி சேர்த்துப் பாருங்கள். காய்தே மிரு: எழுதிப் பார். காய்தே ஒகு: எழுதி வை. காய்தே இரு: எழுதிக்கொண்டிரு. ‘எழுதிப் பார்’ என்னும்போது கண்ணுக்கு அங்கே வேலையில்லை, முயன்று பார்ப்பதுதான் பொருள். ஜப்பானியரும் அதற்குப் ‘பார்’ என்ற வினையையே எடுக்கிறார்கள். லயத்துப் பேச்சிலேயே இது உங்களுக்கு வந்துவிட்டது. சிங்களத்தின் ‘கால பலன்ன’வும் நம் ‘சாப்பிட்டுப் பார்’தான் என்பதால், வகுப்பு சிங்களத்தில் நடப்பதும் நட்டமில்லை. வினை கடைசியில் வருவதும் மூன்று மொழிக்கும் பொது.

(இதை வைத்துத் தமிழும் ஜப்பான் மொழியும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிட வேண்டாம். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை.)

குறில் நெடிலும் உங்களுக்குத் தொல்லை தராது. ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி. ‘கிதே’ என்றால் ‘வந்து’, ‘கித்தே’ என்றால் தபால் முத்திரை. படம் பாடம், படு பட்டு என்று பழகிய காதுக்கு இது சுலபம்.

தமிழ் காலை வாரிவிடும் இடம் வேறு. வானிலைக்கும் மின்விளக்குக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘தென்கி’ ஆகிவிடும். வானிலையின் முதலெழுத்து ‘தமிழ்’ என்பதன் த, விளக்கின் முதலெழுத்து ‘பந்து’வில் வரும் த போல ஒலிக்கும். அடுத்து வரும் ‘கி’ இரண்டிலும் ‘கிளி’யின் கி. நமக்கோ மெல்லெழுத்தை அடுத்து வரும் க தானாகவே ‘சங்கு’வின் கு போலத் தணிந்துவிடும். ஆகவே கொப்பியில் உச்சரிப்பைத் தமிழில் குறிக்காதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் ஹிரகானா என்னும் ஜப்பானிய எழுத்துமுறையின் 46 அடிப்படை எழுத்துகளையும் கையால் எழுதிப் பழகுங்கள். அதுவரை சிங்கள எழுத்தில் குறியுங்கள், அதில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு.

கேள்வி: தம்பி கொரிய மொழித் தேர்வுக்குப் படிக்கிறான். எழுத்தைப் பார்த்தே மிரள்கிறான்.
வாசகர், மஸ்கெலியா

பதில்: எழுத்து ஒரு வாரத்து வேலை. 1446இல் மன்னர் செஜோங் வெளியிட்டது, இன்று அடிப்படையில் 14 மெய், 10 உயிர். மற்றவர் தடுமாறும் ஓர் உயிரொலி நம்மிடம் தயாராக இருக்கிறது: ‘அது’ என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், உதடு குவியாது. அந்தக் குற்றியலுகரம்தான் அது.

சிக்கல் ‘தல்’லில். நிலா, மகள், முகமூடி மூன்றுக்கும் உள்ள கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘தல்’ ஆகிவிடும், கொரிய மொழியிலோ முதலெழுத்துக்கு மூன்று ஒலி. வாய்க்கு முன்னால் மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்துச் சொல்லட்டும். முகமூடிக்குக் கடதாசி நன்றாக ஆட வேண்டும், மகளுக்கு அசையவே கூடாது, நிலா நடுவில். கேட்டல் பகுதியில் புள்ளி போவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: மகன் ஜப்பானுக்குப் போய் மூன்று மாதம். ஜப்பான் மொழித் தேர்வில் என்.4 நிலை பாஸ் பண்ணியவன், வேலையில் பிழை விடுகிறானாம்.
ஒரு தாய், தலவாக்கலை

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா. அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. வாய்க்கு இப்போதுதான் பயிற்சி தொடங்குகிறது. ஜப்பானியரின் ‘ஹாய்’ எப்போதும் ‘சரி’ இல்லை. பல நேரம் அது நாம் ‘ம்’ கொட்டுவது மாதிரி, கேட்கிறேன் என்ற அளவுதான். பிள்ளை எல்லாவற்றுக்கும் ‘ஹாய்’ சொல்லித் தலையாட்டினால், விளங்கிவிட்டதென்று மேற்பார்வையாளர் போய்விடுவார். நம் பக்கவாட்டுத் தலையசைப்பும் அங்கே சந்தேகமாகப் படும்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லப் பழக்குங்கள். “சன்ஜி தெஸ் நே”, மூன்று மணிதானே? நம் ‘தானே’ செய்யும் வேலையை அங்கே ‘நே’ செய்யும். விளங்காவிட்டால் “மோ இச்சிதோ ஒநெகாய்ஷிமாஸ்”, இன்னொரு தடவை சொல்லுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று அவன் தயங்குவான். மருந்து நேரம் பிழைப்பதைவிட இரண்டு தடவை கேட்பது மேல் என்று தொலைபேசியில் நீங்களே சொல்லுங்கள்.