வீட்டை அடகு வைத்து லண்டனில் நடிப்புப் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 22 வயது. பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்திருக்கிறேன். கல்லூரி நாடகங்களில் தொடர்ந்து நடித்தேன். ஷேக்ஸ்பியரின் ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகத்தில் போர்ஷியா வேடத்துக்குப் பரிசும் வாங்கினேன். லண்டன் போய் கிளாசிக்கல் ஆக்டிங் படிக்க ஆசை. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் அப்பா. ‘நடிக்கணும்னா சென்னைக்குப் போ, அதுக்கு எதுக்கு லண்டன்?’ என்கிறார் அம்மா. என் ஆங்கிலத்தில் திருநெல்வேலி வாடை வேறு. மூன்று வருடப் படிப்புக்குப் போகவா, ஒரு வருடப் படிப்புக்கா, இல்லை விட்டுவிடவா?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: போங்கள். ஆனால் இந்த வருடம் வேண்டாம், மூன்று வருடப் படிப்பும் வேண்டாம். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

முதலில் அம்மாவின் கேள்வி. அது கேலிக்குரிய கேள்வி இல்லை. கிளாசிக்கல் ஆக்டிங் என்று அங்கே சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் மேடைக்கான வேலை. 400 வருடத்துக்கு முந்தைய செய்யுள் வசனத்தை, மைக் இல்லாமல், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அர்த்தம் புரியும்படி பேசவேண்டும். அதற்காகத்தான் குரல், உடல், வாள்சண்டை எல்லாம். குரல் வகுப்பு என்றால் வசனம் பேசுவது என்று நினைத்துப் போகிறவர்கள், தரையில் மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு மூச்சு அடிவயிறு வரை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல நாள் அதேதான். இதில் பாதி, கேமராவுக்கு நேராக உதவாது. கோடம்பாக்கத்தில் யாரும் சர்டிபிகேட் கேட்பதும் இல்லை. ஆகவே உங்கள் கனவு சினிமா என்றால் அம்மா சொல்வதுதான் சரி. மேடை என்றால் மேலே படியுங்கள்.

இந்தப் படிப்பு ஒரு இந்தியருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு இப்ராஹிம் அல்காஸியைவிட நல்ல உதாரணம் இல்லை. லண்டனில் ராடா என்ற நாடகப் பள்ளியில் பயின்றவர், திரும்பி வந்து 1962 முதல் 1977 வரை டெல்லி தேசிய நாடகப் பள்ளியை நடத்தினார். நசீருதீன் ஷா, ஓம் புரி எல்லாம் அங்கே படித்தவர்கள். லண்டனில் கற்றதை அல்காஸி இங்கே பயன்படுத்தினார். உங்களுக்கும் திரும்பி வந்து செய்ய ஒரு வேலை மனதில் இருந்தால் இந்தப் படிப்புக்கு அர்த்தம் உண்டு. அதே டெல்லிப் பள்ளியில் மூன்று வருடம் படிக்கலாம், மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். லண்டன் கிடைக்காவிட்டால் பார்க்கலாம் என்று அதை ஒதுக்கிவைக்காதீர்கள். அங்கே இடம் கிடைப்பதும் லேசில்லை.

இனி பணம். லண்டனின் பெரிய நாடகப் பள்ளிகளில் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணமே பொதுவாக 20,000 பவுண்டைத் தாண்டும். நம் கணக்கில் 20 லட்சத்துக்கு மேல். விசாவுக்கு, லண்டன் வாழ்க்கைச் செலவாக மாதம் சுமார் 1,500 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கான பணம் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். மருத்துவத்துக்கான வரி தனி.

அப்பா கவனிக்கவேண்டியது அடுத்த விஷயம். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஆனால் சுயதொழில் கூடாது, கலைஞராகச் சம்பளத்துக்கு மேடை ஏறவும் கூடாது. காபிக் கடையில் நிற்கலாம், நாடகத்தில் காசு வாங்கி நடிக்கமுடியாது! படிப்பு முடிந்தபின் கிராஜுவேட் விசா எடுத்தால் இந்தத் தடை போய்விடும். அதுவும் இதுவரை இரண்டு வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அந்த ஊர்க்காரர்களே வேஷத்துக்கு வேஷம் காத்திருக்கும் தொழிலில், 18 மாதச் சம்பளத்தை நம்பி வீட்டை அடகு வைப்பதா?

பட்டம் கையில் இருப்பதால் ஒரு வருட முதுநிலைப் படிப்பே உங்களுக்குப் பொருந்தும். லண்டனில் லாம்டா, ராயல் சென்ட்ரல் என்ற இரண்டு நாடகப் பள்ளிகளும் கிளாசிக்கல் ஆக்டிங்குக்கென்றே எம்.ஏ. நடத்துகின்றன. உதவித்தொகைக்கு இன்லாக்ஸ் அறக்கட்டளை, சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் இரண்டின் விதிமுறைகளையும் படித்துவிடுங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்துவிட்டு நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடமாவது இருந்தாகவேண்டும். இந்த வருடம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குள் சென்னையில் கூத்துப்பட்டறை போன்ற ஒரு குழுவில் சேர்ந்து உழையுங்கள். கல்லூரி மேடையில் கைதட்டியவர்கள் உங்கள் சிநேகிதிகள். டிக்கெட் வாங்கி வந்தவர் முன்னால் நின்றால்தான் உங்களுக்கே தெரியும். கொஞ்சம் காசு சேர்ந்தால், முழுப் படிப்புக்கு முன்னால் ராடா, லாம்டா நடத்தும் குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்குப் போய்ப் பார்க்கலாம். சில வாரப் பயிற்சிக்கு விசிட்டர் விசா போதும்.

திருநெல்வேலி வாடையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காதீர்கள். நடிப்புத் தேர்வுக்கு பி.பி.சி. ஆங்கிலத்தைப் பூசிக்கொண்டு போனால், பார்ப்பவருக்கு நீங்கள் நாக்கோடு மல்லுக்கட்டுவது மட்டும்தான் தெரியும். உச்சரிப்பு மாற்றக் கற்றுத்தருவது அவர்கள் வேலை. ஆளைக் காட்டுவது உங்கள் வேலை.

நிஜமான ஆபத்து போர்ஷியாவுக்குக் கிடைத்த பரிசில் இருக்கிறது. நீங்கள் பேசியது எல்லாக் கல்லூரிகளிலும் பேசுகிற அந்தக் கருணைப் பேச்சுதானே? போட்டி மேடையில் அது நல்லொழுக்க உரை மாதிரி ஒலிக்கும். நாடகத்தைத் திறந்து பாருங்கள். கொடுத்த கடனுக்கு ஈடாக ஒருவனின் சதையை அறுத்தெடுக்க நிற்கும் ஷைலாக் கருணை காட்டவேண்டும் என்கிறாள் போர்ஷியா. ‘எந்தக் கட்டாயத்தில் காட்டவேண்டும், சொல்’ என்று அவன் மடக்குகிறான். அந்தக் கேள்விக்கான பதில்தான் முழுப் பேச்சும். ஆண் வக்கீல் வேஷத்தில் அவள் நிற்கிறாள், ஒரு உயிர் ஊசலாடுகிறது, எதிரே கத்தியோடு ஒருவன். அவன் மனம் இளகுகிறதா என்று வரிக்கு வரி அவன் முகத்தைப் பார்த்தபடி பேசினால், பரிசு வாங்கிய ராகம் தானாக உதிர்ந்துவிடும். நாடகப் பள்ளித் தேர்வில் பாதியில் நிறுத்தி, ‘இதையே உங்கள் தம்பியிடம் கெஞ்சுவதுபோல் சொல்லுங்கள்’ என்பது மாதிரி மாற்றிச் சொல்லக்கூடும். மனப்பாட ராகத்தை நம்பியிருப்பவர் அங்கே தடுமாறுவார்.

பொதுவாக ஷேக்ஸ்பியர் காலத்துப் பேச்சு ஒன்று, தற்கால நாடகப் பேச்சு ஒன்று கேட்பார்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். முதல் சுற்றுக்குப் பல இடங்களில் வீடியோ அனுப்பினால் போதும். தற்காலப் பேச்சுக்கு உங்கள் வயதுப் பெண் பாத்திரத்தையே எடுங்கள், அறுபது வயது அரசி வேண்டாம். வீடியோவுக்குப் பின்னணி இசை சேர்க்காதீர்கள். எந்தப் பள்ளி எத்தனை நிமிடம் கேட்கிறது, விண்ணப்பம் எப்போது முடிகிறது என்பதை அந்தந்தப் பள்ளியின் இணையதளத்தில் பாருங்கள், ஏஜென்ட்டிடம் கேட்கவேண்டாம்.