விடுதி அறையும் கிருமி அச்சமும்

கேள்வி: எங்கள் வீட்டுத் திருமணத்துக்கு வரும் உறவினர்களுக்காக நாகர்கோவிலில் லாட்ஜ் அறைகளைப் பதிவு செய்திருக்கிறோம். கைக்குழந்தையுடன் வரும் என் அக்கா, அறையில் நோய் தொற்றிவிடுமோ என்று அஞ்சுகிறார். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, தக்கலை

பதில்: தங்கள் அக்காவின் அச்சம் நியாயமானதே, ஆனால் பலரும் கழிப்பறையை எண்ணியே கவலைப்படுகிறார்கள். நாள்தோறும் பல கைகள் பட்டும் துடைக்கப்படாமல் விடப்படுபவை டிவி ரிமோட், மின்விளக்குச் சுவிட்சுகள், கதவின் கைப்பிடி ஆகியவைதாம். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் இத்தகைய பரப்புகளில் பல நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது என்பதாலும், ஆல்கஹால் கலந்த சானிடைசர் அதன்மீது போதிய பலன் தருவதில்லை என்பதாலும், சாப்பிடும் முன்பும் குழந்தையைத் தூக்கும் முன்பும் சோப்பிட்டு 20 வினாடிகள் கை கழுவுவதே முதன்மையான பாதுகாப்பு.

மெத்தையின் ஓரத் தையல்களில் கரும்புள்ளிகள் தென்பட்டால் மூட்டைப்பூச்சி இருக்கலாம். அது நோயைப் பரப்புவதாக நிறுவப்படவில்லை; எனினும் குழந்தைக்கு அரிப்பும் தடிப்பும் வரும். பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில், அடைத்தே கிடந்த அறைகளில் பூஞ்சை எளிதில் படரும். கதவைத் திறந்ததும் பூசண வாடை வீசினால், தயங்காமல் வேறு அறை கேளுங்கள்; கைக்குழந்தை இருக்கும்போது இதில் கூச்சம் வேண்டாம். குழந்தைக்குச் சொந்த விரிப்பையே பயன்படுத்துங்கள். பால் கரைக்கும் நீரை நன்கு கொதிக்க வையுங்கள்.