பூட்டிய பீரோவும் நாற்பது பிள்ளைகளும்

கேள்வி: ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாற்பது பிள்ளைகள். பீரோ நிறைய கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. நூலகர் இல்லை, தனி அறையும் இல்லை. ஆண்டு முழுக்க நூலகத்தை எப்படி நடத்துவது? புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ தணிக்கையில் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அந்தப் பயத்தை முதலில் பேசிவிடுவோம் டீச்சர். பல பள்ளிகளில் பீரோ திறக்காததற்கு அதுதான் காரணம். கணக்கு ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் ஐந்து நூலக விதிகளை வெளியிட்டார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பதுதான் அதில் முதல் விதி. பிள்ளைகள் கையில் புழங்கினால் தேயத்தான் செய்யும். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதி வையுங்கள். நான் தலைமையாசிரியையாக இருந்தபோது அப்படித்தான் செய்தேன். பெற்றோர் யாரும் மறுக்கவில்லை.

ஜூனில் சுவரோரம் ஒரு நைலான் கயிறு கட்டுங்கள், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில். துணி காயப்போடும் கிளிப்பால் புத்தகங்களை அட்டை தெரியும்படி மாட்டுங்கள். அடுக்கி வைத்த புத்தகத்தின் முதுகைப் பார்த்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் பள்ளிகளுக்குத் தந்த புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்திருக்கும். புத்தகத்தை அடுக்க அது உதவும். பிள்ளைகளை அப்படிப் பிரிக்காதீர்கள். நான்காம் வகுப்புப் பையன் ‘நுழை’ புத்தகத்தை எடுத்தால் எடுக்கட்டும்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். வேறு எதைச் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் விட வேண்டாம். படம் பிள்ளைகள் பக்கம் இருக்கட்டும். பக்கத்தைத் திருப்புமுன் “இப்ப என்ன ஆகும்?” என்று கேளுங்கள். முடிந்ததும் நீதி கேட்காதீர்கள். கேட்ட கதையையே மறுபடி கேட்பார்கள், சலிக்காமல் வாசியுங்கள். அப்புறம் ஒரு நாள், எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தை அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கத்துக்குப் பக்கம் பிசகாமல் முழுக்கதையும் சொல்லும். அது வெறும் ஒப்பிப்பு இல்லை. வாசிப்பு அங்கேதான் துளிர்க்கிறது.

ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பிறந்தநாள், தேசிய நூலகர் தினம். அன்று பேச்சுப் போட்டி வைக்காமல் ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேரிடம் இரவல் நோட்டை ஒப்படையுங்கள். மாதம் ஒரு ஜோடி மாறட்டும். பெயர் எழுத வராத சின்னப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்னம் கொடுத்துவிடலாம்: மீன், குடை, பூசணி. எடுக்கும்போது வரைந்தால் போதும், திருப்பித் தந்ததும் அடித்துவிடலாம்.

அக்டோபர், நவம்பரில் உங்கள் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். மைதானம் சேறாகிவிடும். பிள்ளைகளே புத்தகம் செய்ய அதைவிட நல்ல காலம் கிடையாது. இரண்டு தாளை மடித்து நடுவில் தைத்தால் எட்டுப் பக்கம். என் பள்ளியில் ஒரு சிறுமி தன் அம்மா நடவுக்குப் போகும் நாளை எழுதினாள். விடிகாலையில் தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றுவது முதல் சாயங்காலம் காலில் அப்பிய சேற்றைக் கழுவுவது வரை அதில் இருந்தது. அதையும் கயிற்றில் மாட்டினோம். அச்சுப் புத்தகங்களைவிட அதுதான் அதிகம் இரவல் போனது. எனக்கு இன்றும் பெருமையான விஷயம் அது.

பொங்கலுக்குப் பிறகு தகவல் புத்தகங்களை எடுங்கள். உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம் உங்கள் வட்டாரம்தானே. வயலிலும் குளத்திலும் பார்த்த பறவைகளைப் பிள்ளைகள் வரைந்து வரட்டும், பெயரைப் புத்தகத்தில் தேடட்டும். அதில் கிடைக்காததைத் தாத்தாக்களிடம் கேட்டு எழுதட்டும்.

ஏப்ரலில் கணக்கெடுப்பைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். கிழிந்ததை ஒட்ட செலோடேப் வேண்டாம், மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மெல்லிய தாளும் பசையும் போதும். ஒட்டிய கையோடு கோடை விடுமுறைக்கு ஆளுக்கு இரண்டு புத்தகம் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளி நூலகத்திலிருந்து எப்போதும் படப் புத்தகமே கொண்டு வருகிறான். பாடத்துக்கு உதவுவதாக எடுக்கச் சொல்லலாமா?
– ஒரு தந்தை, மன்னார்குடி

பதில்: வேண்டாம் சார். அவன் தேர்ந்தெடுத்ததை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். படத்தில் நடப்பதை அவன் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். வீட்டில் புத்தகம் போதவில்லை என்றால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். முடிந்தால் அவன் பள்ளிக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.